எத்தனை கம்பெனி போதும்?

அலுவலகத்தில் எல்லோரும் அவளை முகவரியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். தொலைத்தொடர்புத் துறையில் பொறியாளராகச் சேர்ந்த புதிதில் ஒருநாள் மேலதிகாரி வந்து, "இந்த இன்டர்நெட் பேரு விஷயத்தை யாராவது பாத்துக்கணுமே" என்றார். உடனே அறையில் இருந்த அத்தனை பேரும் குனிந்து மேஜை இழுப்பறைக்குள் எதையோ மும்முரமாகத் தேடத் தொடங்கினார்கள். அவள் மேஜைக்கு இழுப்பறை கிடையாது. நிமிர்ந்திருந்த ஒரே தலை அவளுடையது. வேலை அந்தத் தலையில் விழுந்தது.

வேலை என்னவென்றால், நாட்டைக் குறிக்கும் இரண்டெழுத்துச் சுருக்கத்தில் முடியும் இணைய முகவரிகளின் மூலப் பதிவைக் காப்பது. ஒரு பள்ளிக்கூடமோ பேக்கரியோ ஒரு பெயரை வாங்கிவிட்டால், அதே பெயர் வேறொருவருக்குப் போய்விடக் கூடாது. ஆரம்பத்தில் ஜெனரேட்டர் அறையை ஒட்டிய ஒரு பொந்தில் உட்கார்ந்து அவளே பெயர்களைத் தட்டச்சு செய்தாள். மாதத்துக்கு நாலு பேர் வந்தால் அதிகம். அப்புறம் கூட்டம் சேர்ந்தது. அரசாங்கம் யோசித்து, பெயர் விற்கிற பொறுப்பை ஒரே ஒரு தனியார் கம்பெனியிடம் ஒப்படைத்தது. மக்கள் கம்பெனியிடம் விண்ணப்பிப்பார்கள். கம்பெனி அவளுடைய பதிவில் பெயரை ஏற்றும். அவள் மேற்பார்வை.

மேற்பார்வை என்பது அழகான சொல். நடந்தது என்னவோ வேடிக்கை பார்ப்பதுதான்.

கம்பெனி மூன்றாவது மாடியில் இருந்தது. லிப்ட் முதலாளிக்கும் ஊழியர்களுக்கும் மட்டும். பெயர் வாங்க வருகிறவர்கள் படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். இணையத்தில் கடை போடுவதற்கு ஒருவன் மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்க, புகைப்படத்தில் காது தெரியவில்லை என்று திட்டு வாங்கி இறங்க வேண்டியிருந்தது. போட்டிக்கு ஆள் இல்லாத கடையில் கல்லாவில் இருப்பவன் எதற்குச் சிரிக்க வேண்டும்?

இந்தக் கோபமெல்லாம் அவள் அலுவலகத்தோடு விட்டுவிட்டு வரக்கூடியதாக இருந்திருந்தால் பரவாயில்லை. வீட்டில் நாத்தனார் இருந்தாள். கணவனின் அக்கா. தனி ஆளாய் இவர்களோடு வந்து தங்கியவள், கைக்குழந்தைகளுக்குக் கம்பளிக் காலுறை பின்னி விற்பாள். பின்னல் அவ்வளவு நேர்த்தி. வாங்கியவர்கள் நாலு பேரிடம் சொல்லி, வெளியூரிலிருந்தெல்லாம் கேட்டு வந்தது. 'குட்டிக்கால்' என்ற பெயரில் இணையத்தில் விற்கலாம் என்று ஆசைப்பட்டு அவளும் அந்த மூன்று மாடி ஏறினாள். முதல் தடவை கையெழுத்து கட்டத்துக்கு வெளியே போய்விட்டதாம். அடுத்த தடவை, வீட்டில் பின்னுவதைக் கடை என்று எப்படிச் சொல்ல முடியும் என்றார்களாம். அதற்கடுத்த தடவை, பெயரைப் பார்க்கிறவர் லீவாம்.

"ஏம்மா, நீதானே அங்க பெரிய அதிகாரி? ஒரு பேரு வாங்கிக் குடுக்க முடியலையா உன்னால?" என்பாள் நாத்தனார், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நான் போன் பண்ணினா அது சிபாரிசு ஆயிடும், அண்ணி. நாளைக்கு யாராவது கேள்வி கேட்டா?"

"யாரும் கேக்கலை. நான்தான் தினம் கேட்டுக்கிட்டிருக்கேன்."

கணவன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். வீட்டில் இந்தப் பேச்சு எழுந்தால் அவனுக்கு உடனே துடைக்க வேண்டிய கண்ணாடி ஏதாவது ஞாபகம் வந்துவிடும்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தபோதுதான் ஆஸ்பத்திரி விவகாரம் வந்தது. நகரத்தின் பெரிய ஆஸ்பத்திரி தன் முகவரியை ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொண்டிருந்தது. அந்த வருஷமும் காலாகாலத்தில் விண்ணப்பம் கொடுத்தது. கம்பெனியில் யாரோ அதை எங்கேயோ வைத்துவிட்டார்கள். ஒரு திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரியின் முகவரி இறந்துபோனது. யாருக்கு எப்போது அறுவை சிகிச்சை, எந்த டாக்டர் எந்த அறை, எல்லாம் அதில்தான். நோயாளிகள் வாசலில் நின்று கத்தினார்கள். பத்திரிகைகள் கத்தின. அமைச்சர் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கத்தினார்.

மறுவாரம் ஒரு கமிட்டி பிறந்தது. இணையப் பெயர்களைப் பதிவு செய்ய எத்தனை கம்பெனிகளை அனுமதிக்கலாம் என்று முடிவு செய்ய வேண்டும். முகவரியம்மா அதன் கூட்டுநர். அதாவது அறை பிடிக்க வேண்டும், பிஸ்கட் வாங்க வேண்டும், பேசியதை எழுத வேண்டும். வாக்கு கிடையாது.

தலைவராக ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் வந்தார். நல்ல மனிதர், வழுக்கைத் தலை, எதையும் இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு இன்னொரு பக்கம் இருக்கிறதா என்று தேடுகிறவர். கணினித் துறைப் பேராசிரியர் ஒருவர். இரும்புக் கடை வைத்திருந்த வியாபாரிகள் சங்கத் தலைவர். அமைச்சகத்திலிருந்து வாய் திறக்காத ஒரு துணைச் செயலாளர். இவர்களோடு அந்த ஒற்றைக் கம்பெனியின் முதலாளியும். அவர் எதற்கு என்று முகவரியம்மா கேட்டாள். "அனுபவம் உள்ளவர் அவர் ஒருத்தர்தானே" என்று பதில் வந்தது. மற்றவர்களுக்கு அனுபவம் வரவிடாமல் பார்த்துக்கொண்டது யாராம்?

முதல் கூட்டத்தில் நீதிபதி சொன்னார்: "ஒரு எண்ணிக்கையை முதல்ல சொல்லிடுவோம். காரணத்தை அப்புறம் பாத்துக்கலாம்."

"ஒன்னு போதும்" என்றார் முதலாளி. "ஒரு வீட்டுக்கு எத்தனை சமையல்காரர் வேணும்? ஆள் கூடினா உப்புதான் கூடும்."

"எங்க சங்கத்துல கேக்கிற எல்லாருக்கும் குடுங்க" என்றார் இரும்புக் கடைக்காரர்.

"உங்க சங்கத்துல இருக்கறவங்களுக்கு கம்ப்யூட்டர் தெரியுமா?"

"உங்க ஆளுங்களுக்கு மட்டும் தெரியுதாக்கும்? ஆஸ்பத்திரிக்காரனைக் கேளுங்க."

பேராசிரியர் எழுந்து போய்ப் பலகையில் ஒரு சூத்திரம் எழுதினார். மக்கள்தொகை, கணினிகளின் எண்ணிக்கை, வேறு சில கிரேக்க எழுத்துகள். பலகை நிறைந்து, விடையைச் சுவரில் எழுதிவிடுவாரோ என்று முகவரியம்மா பயந்தாள். விடை மூன்று புள்ளி ஆறு.

"அப்ப மூணா, நாலா?" என்றார் நீதிபதி.

"மூன்று புள்ளி ஆறு."

"அந்தப் புள்ளி ஆறு கம்பெனிக்கு யாரை முதலாளியாப் போடறது?" என்றார் இரும்புக் கடைக்காரர். துணைச் செயலாளர் அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சிரித்தார்.

இது ஒரு கூட்டத்தோடு முடிந்ததா? மழைக்காலம் வந்து போனது. அறையின் ஏசி பழுதாகி, சரியாகி, மறுபடி பழுதானது. ஒரு கூட்டம் முழுக்க, 'கம்பெனி' என்று எழுதுவதா 'நிறுவனம்' என்று எழுதுவதா என்பதிலேயே போயிற்று. எண்ணிக்கை மூன்றுக்கு இறங்கி, ஏழுக்கு ஏறி, காய்ச்சல் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. முதலாளி மட்டும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் தவறாமல் வந்தார். பேச்சு நீள நீள லாபம் அவருக்குத்தானே. முடிவு வராத ஒவ்வொரு நாளும் படிக்கட்டில் வரிசை அப்படியே இருந்தது.

வீட்டுக்குப் போனால் நாத்தனார். "எண்ணி முடிச்சாச்சா?"

"இல்லை, அண்ணி."

"நான் குழந்தைங்களுக்குன்னு பின்ன ஆரம்பிச்சேன். அதுங்க ஸ்கூலுக்குப் போயிடுச்சுங்க."

கடைசியில் ஒருநாள், எல்லோரும் களைத்துப்போன பிற்பகலில், ஐந்து என்று முடிவானது. ஏன் ஐந்து என்று யாருக்கும் தெரியாது. ஆறு என்றால் அதிகமாகத் தோன்றியது, அவ்வளவுதான். எந்த ஐந்து பேர் என்ற கேள்வி வந்ததும் மறுபடி சண்டை. நீதிபதி இரண்டு கைகளையும் தூக்கினார்.

"சீட்டுக் குலுக்கிப் போட்டுடுவோம். யார் மேலயும் பழி வராது."

முகவரியம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினாள். கூட்டுநர் பேசக்கூடாது என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் வாய் அதற்குள் திறந்துவிட்டது.

"ஐயா, இந்த ஊர்ல எத்தனை சலூன் இருக்கணும்னு எந்தக் கமிட்டி முடிவு பண்ணுச்சு?"

நீதிபதியின் கை தன்னை அறியாமல் வழுக்கையைத் தடவியது.

"யாரும் பண்ணலை. கத்தி பிடிக்கத் தெரிஞ்சவன் கடை போடறான். நல்லா வெட்டினா ஜனங்க போறாங்க, காதை வெட்டினா போறதில்லை. இதுல மட்டும் எதுக்குங்க எண்ணணும்? என்ன தெரிஞ்சிருக்கணும், என்ன வெச்சிருக்கணும்னு நிபந்தனை போடுங்க. தேறினவங்க எல்லாரும் வரட்டும். அஞ்சு பேர் தேறினா அஞ்சு, அம்பது பேர் தேறினா அம்பது."

பேராசிரியர் குறுக்கிட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்விதான். "கண்டவங்களும் உள்ள வந்து, நாளைக்கே கடையை இழுத்து மூடிட்டு ஓடிட்டா? பேரு வாங்கினவங்க கதி?"

"மூலப் பதிவு எங்கிட்டதான் சார் இருக்கு. ஓடிப்போனவனோட ஆளுங்களை வேற கம்பெனிக்கு மாத்திக் குடுத்துடலாம். இப்ப ஒரே கம்பெனிதான். அது ஓடினா மாத்திவிடறதுக்கு இன்னொரு கம்பெனி எங்க?"

"சரிம்மா. ஒவ்வொருத்தரும் தேறினாங்களான்னு யார் பாக்கறது?" என்றார் நீதிபதி.

"நான் பாக்கறேன்."

அந்த இரண்டு வார்த்தைக்காகத் தன் நாக்கை அறுத்துப் போட்டிருக்கலாம் என்று அவள் பிற்பாடு பல தடவை நினைத்துக்கொண்டாள். அப்போது என்னவோ எல்லோருக்கும் வீட்டுக்குப் போகிற அவசரம். எண்ணிக்கை வேண்டாம், நிபந்தனை போதும் என்று முடிவாயிற்று. முதலாளிகூட எதிர்க்கவில்லை. மெல்லச் சிரித்தபடி பிஸ்கட் தட்டை நகர்த்தினார். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோதே அவளுக்கு உறைத்திருக்க வேண்டும்.

கதவு திறந்தது. முதலில் நல்லவர்கள்தான் வந்தார்கள். கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருந்த அக்கா தங்கை இருவர் விண்ணப்பித்தார்கள். கேட்ட கேள்விக்கெல்லாம் டக்டக்கென்று பதில். அவர்களுக்கு அனுமதி கிடைத்த வாரமே நாத்தனார் அங்கே போனாள். படிக்கட்டு இல்லை, தரைத்தளம். உட்கார நாற்காலி கொடுத்து, ஒரு பிற்பகலுக்குள் 'குட்டிக்கால்' பெயரைப் பதிந்து கொடுத்துவிட்டார்கள். அன்று சாயங்காலம் நாத்தனார் ஒன்றுமே சொல்லாமல் முகவரியம்மாவுக்குக் காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். அந்த வீட்டில் அது பாராட்டு விழா.

மறுமாதம் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. விண்ணப்பங்கள் மூட்டை மூட்டையாக வந்தன. வானவில், வெண்மேகம், தென்றல், பனித்துளி... எல்லாம் கம்பெனிப் பெயர்கள். நிபந்தனைகள் ஒன்று விடாமல் பூர்த்தி. எல்லாவற்றுக்கும் ஒரே தெரு, ஒரே கதவு எண். அவள் நேரில் போய்ப் பார்த்தாள். டயர் கடைக்கு மேலே ஓர் அறை. வாசலில் பெயர்ப் பலகைகள் கதவே தெரியாத அளவுக்கு அடித்திருந்தார்கள். உள்ளே ஒரு மேஜை, ஒரு கணினி, நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு தூங்கும் ஒரு மனிதர்.

"எழுந்திருங்க. இதுல நீங்க எந்தக் கம்பெனி?"

அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு கேட்டார்: "இன்னிக்கு என்ன கிழமை?"

அத்தனையும் பழைய முதலாளியின் கம்பெனிகள். காரணம் எளிது. யாரும் புதுப்பிக்காமல் விட்ட பெயர்கள் தினமும் காலையில் விடுவிக்கப்படும். அதில் நல்ல பெயர்களுக்கு அடிதடி. எந்தக் கம்பெனியும் ஒரு நேரத்தில் ஒரு பெயர்தான் கேட்கலாம். ஒரு கம்பெனி வைத்திருப்பவனுக்கு ஒரு கை. நாற்பது வைத்திருப்பவனுக்கு நாற்பது கை. நல்ல பெயர்களையெல்லாம் வாரிச் சுருட்டி மறுநாள் கொள்ளை விலைக்கு விற்றுக்கொண்டிருந்தார் மனுஷன். அக்கா தங்கை இருவருக்கும் கிடைத்தது மிச்சம் மீதி.

அவள் முதலாளியைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"மேடம், எண்ண வேண்டாம்னு சொன்னதே நீங்கதானே?" என்றார் அவர். "நீங்க சொன்னதைத்தான் நான் செய்யறேன். எண்ணறதே இல்லை."

அன்று அவள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் நன்றாக ஒரு தடவை கத்தினாள். வெளியே கணவன், "உள்ள என்னாச்சு?" என்றான். "தண்ணி சூடா வருது" என்றாள்.

கமிட்டி மறுபடி கூடியது. நீதிபதி சந்தோஷமாக இருந்தார். வீட்டில் போரடித்திருக்க வேண்டும். ஒரு கம்பெனி என்றால் என்ன என்பதை விளக்கவே இரண்டு கூட்டம். இந்தத் தடவை அவள் முந்திக்கொண்டு சொல்லிவிட்டாள்: கை கம்பெனிக்கு இல்லை, உரிமையாளருக்கு. ஒருவர் பெயரில் எத்தனை கம்பெனி இருந்தாலும் காலையில் ஒரு பெயர்தான் கேட்கலாம். முடிவு நிறைவேறியது. அவள் நிம்மதியாக ஒரு வாரம் தூங்கினாள்.

ஒரு வாரம்தான். எட்டாம் நாள் வானவில் கம்பெனி, முதலாளியின் மச்சினர் பெயருக்கு மாறியது. வெண்மேகம் மைத்துனி பெயருக்கு. சொந்தக்காரர்கள் தீர்ந்ததும் தோட்டக்காரர், சமையல்காரர், வாட்ச்மேன். தென்றல் அவருடைய கார் டிரைவர் பெயருக்குப் போனது. எல்லாம் சட்டப்படி, கையெழுத்துப்படி. இதைத் தடுக்க இனி எந்த விதியைப் போடுவது? வேலைக்காரனுக்குக் கம்பெனி நடத்தத் தெரியாது என்று அவள் எழுத முடியுமா? அப்படி எழுதுவதற்கு அவளுக்கே வெட்கமாக இருந்தது. இந்த வேலையை விட்டுவிடலாமா என்று அப்போதுதான் முதல் தடவையாகக் கணவனிடம் கேட்டாள்.

"விட்டுட்டு?"

"உங்க கடையில கண்ணாடி துடைக்கறேன். அது சொன்ன பேச்சு கேக்கும்."

அந்த யோசனையில் இருந்தபோதுதான் ஒரு காலையில் டிரைவர் அவள் அறைக்கு வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. உட்காரச் சொன்ன பிறகும் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார்.

"அம்மா, ஒரு சந்தேகம். தென்றல் கம்பெனி எம்பேருலதான் இருக்குன்னு சொல்றாங்க. நெசமா?"

"நெசம்தான்."

"எங்க முதலாளி பேரு அதுல எங்கயாச்சும் இருக்கா?"

அவள் பதிவைத் திறந்து பார்த்தாள். "இல்லை."

"அப்ப அது என்னுதுதானே?"

அவள் அவரையே பார்த்தாள். ஒரு வருஷமாகப் பேராசிரியருக்கும் நீதிபதிக்கும் அவளுக்கும் தோன்றாத மகா பெரிய கேள்வி என்றெல்லாம் சொல்ல முடியாது. அவர் கேட்டது தன் பெயரில் உள்ள பொருள் தன்னுடையதா என்று, அவ்வளவுதான். ஆனால் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல மாதத்துக்கு அப்புறம் வந்த சிரிப்பு.

"உங்களுதுதான். நிபந்தனைப்படி நடத்தணும், நடத்த முடியுமா?"

"நான் ஓட்டறேங்க. என் மருமக கம்ப்யூட்டர் படிச்சிட்டு வீட்டுலதான் இருக்கா. அவ பாத்துக்குவா."

டிரைவர் பிரிந்ததைப் பார்த்து வாட்ச்மேன் பிரிந்தார். அப்புறம், யாரும் எதிர்பாராதபடி, மைத்துனி பிரிந்தாள். அவளுக்கு அக்கா வீட்டுக்காரர் மேல் பழைய மனஸ்தாபம் ஏதோ இருந்திருக்கிறது. முதலாளி வழக்குப் போடுவேன் என்று மிரட்டினார். தன் கம்பெனியைப் பினாமி பெயரில் வைத்திருந்தேன் என்று எந்த நீதிமன்றத்தில் போய்ச் சொல்வது? மீதியிருந்தவர்களும் கைவிட்டுப் போவதற்குள் அவரே பல கம்பெனிகளை இழுத்து மூடினார். டயர் கடை மேலே கதவு தெரிய ஆரம்பித்தது. பழைய அலுவலகத்தில் பொதுமக்களும் லிப்டில் ஏறலாம் என்று அறிவிப்பு ஒட்டினார்கள் என்று கேள்விப்பட்டாள்.

டிரைவரின் மருமகள் கெட்டிக்காரி. சிறு கடைக்காரர்களாகத் தேடிப் போய்ப் பெயர் பதிந்து கொடுத்தாள். தென்றல் வளர்ந்தது. டிரைவர் இப்போது பின் சீட்டில் உட்கார்ந்து போகிற ஆள். அவரை இன்னமும் டிரைவர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், அவரும் கோபித்துக்கொள்ளவில்லை.

ஒருநாள் அவர் மறுபடி வந்தார். இந்தத் தடவை நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். முகவரியம்மா அப்போதுதான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருந்தாள்.

"மேடம், ஒன்னு சொன்னா தப்பா நினைக்கக் கூடாது. நேத்துப் பாருங்க, ஒரு பழக்கடைக்காரன் கம்பெனி ஆரம்பிச்சிருக்கான். அவனுக்கு என்னங்க தெரியும்? இப்படி வரவன் போறவனுக்கெல்லாம் அனுமதி குடுத்தா தொழில் என்னத்துக்கு ஆகும்?"

"என்ன செய்யணும்ங்கறீங்க?"

"இருக்கற கம்பெனியே போதும்னு ஒரு வரம்பு போட்டுடுங்களேன். ஒரு கமிட்டி வெச்சாகூடப் பரவாயில்ல. நானும் வரேன். அனுபவம் இருக்கில்ல?"

அவள் அவரைப் பார்த்தாள். டப்பாவைப் பார்த்தாள். மூடியை எடுத்து மறுபடி மூடினாள்.

"பழக்கடைக்காரர் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிட்டார். நீங்க கெளம்புங்க. நான் சாப்பிடணும்."

"கோச்சுக்காதீங்க மேடம், சும்மா சொன்னேன்."

"நானும் சும்மாதான் சொல்றேன். கெளம்புங்க."

அவர் எழுந்து, கதவருகே நின்று, "அப்ப ஒரு மனு எழுதிக் குடுக்கலாமில்ல?" என்றார். அவள் டப்பாவைத் திறந்தாள். சாப்பிட ஆரம்பித்தாள். சோறு ஆறிப்போயிருந்தது.